ஓட விட்டால் பந்து வளையுமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

போன ஆசிரியர் தினத்தன்று என் பழைய மாணவன் ஒருவன் எழுதியிருந்தான்: "டீச்சர், அன்னிக்கு நீங்க ஸ்கேலால போட்ட போடுதான் இன்னிக்கு என்னை இந்த நாற்காலியில உட்கார வெச்சிருக்கு." அதற்குக் கீழே வரிசையாகச் சிவப்பு இதயங்கள். "இப்ப எல்லாம் பசங்க மேல கை வைக்க முடியல, அதான் கெட்டுப் போறாங்க" என்று என் கூடப் பிறந்தவர் ஒருவரே எழுதியிருந்தார். நானும் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். பேசாமல் இருந்தது தப்பு. அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்த இதயங்களை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏன் என்று சொல்வதற்கு அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரின் கதையைச் சொல்ல வேண்டும். டீச்சருக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள்.

மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது பேரனைப் பயிற்சிக்கு அழைத்துப் போவார்கள், நானும் துணைக்குப் போவேன். அவனுக்குப் பதினோரு வயது. அணியில் அவன் பிட்சர், நம் ஊர்க் கணக்கில் பவுலர். ஒரு நாள் தொடர்ந்து நாலு பந்து தப்பாகப் போனது. பயிற்சியாளர் "போய் மைதானத்தைச் சுற்றி ஓடு" என்றார். பிள்ளை ஓடினான். வந்து எறிந்த பந்தும் தப்பாகத்தான் போனது. மூச்சு வாங்குகிற பிள்ளை வேறு எப்படி எறிவான்? காரில் வரும்போது என்னைக் கேட்டான்: "பாட்டி, ஓடினா பந்து எப்படி நேரா போகும்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏழாம் வாய்ப்பாடு வராத பிள்ளையைக் கொடிக்கம்பத்தைச் சுற்றி ஓட விட்டவள் நான். ஓடினால் வாய்ப்பாடு எப்படி வரும் என்று அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. கேட்க விட்டிருந்தால்தானே!

அன்று இரவு மகன் சொன்னான்: "அம்மா, இதே கேள்வியை அறுபது வருஷத்துக்கு முன்னாடியே ஜானி செய்ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். கேட்டதுக்காக வேலையும் போயிருக்கு." அதன்பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. பேஸ்பாலில் பந்து தரையில் குத்தி எழும்பாது. பிட்சர் ஒரு சின்ன மண்மேட்டில் நின்று 60 அடி 6 அங்குலம் தள்ளியிருக்கும் இலக்கை நோக்கி எறிய வேண்டும். கையை விட்டுப் போகிற நேரத்தில் விரலும் மணிக்கட்டும் கொடுக்கிற சுழற்சிதான் பந்தைக் காற்றிலேயே வளைக்கிறது. ஒவ்வோர் ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் ஒரு பிட்சரின் பெயரில் எழுதப்படும். ஒரு சீசனில் 20 வெற்றி என்றால் பெரிய சாதனை. அணி முழுவதற்கும் பொறுப்பாளர் மேனேஜர், நம் தலைமையாசிரியர் போல. அவருக்குக் கீழே பிட்சர்களுக்கு மட்டும் ஒரு கோச் உண்டு, வகுப்பாசிரியர் போல. செய்ன் முதலில் பிட்சர், பிறகு அந்த வகுப்பாசிரியர்.

1917-ல் ஆர்கன்சா மாநிலத்தில் ஹவானா என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா மோட்டார் மெக்கானிக். பந்தை வளைத்து எறிய மகனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். செய்ன் பந்தில் பெரிய வேகம் கிடையாது. 1936-ல் தொடங்கிப் பல வருடம் சின்ன லீக்குகளிலேயே உழன்றார். பாஸ்டன் பிரேவ்ஸ் அணிக்காகப் பெரிய லீக்கில் கால் வைத்தது 1942-ல்தான். உடனே உலகப் போர் வந்தது. கடற்படையில் விமானியாகப் பயிற்சி எடுத்தார். 1943-ல், போர்க்காலக் காட்சி ஆட்டம் ஒன்றில், ஓய்வு பெற்றிருந்த பேப் ரூத் மட்டை பிடிக்க வந்தபோது எதிரே பந்தெறிந்தவர் இவர்.

போர் முடிந்து திரும்பியவர் வேறு ஆளாக இருந்தார். வேகம் இல்லாத குறையைச் சுழற்சியால் ஈடுகட்டினார். 1946-ல் 20 வெற்றி, 1947-ல் 21, 1948-ல் 24, 1950-ல் மறுபடி 20. ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சரே கடைசிவரை எறிந்து முடிப்பது அரிது. 1948-ல் மட்டும் அவர் 28 ஆட்டங்களை அப்படி முடித்தார். அந்த வருடம் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், புயல் வேகத்துக்குப் பெயர்போன பாப் ஃபெல்லரை எதிர்த்து எறிந்து 1-0 என்று ஜெயித்தார். 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன், அந்த நூற்றாண்டில் பெரிய லீக்கில் ஆடிய முதல் கறுப்பின வீரராகக் களம் இறங்கினார். அவருக்கு முதல் பந்தை எறிந்தவரும் செய்ன்தான். 1951-ல் நியூயார்க் யாங்கீஸுக்குப் போனார். அங்கே 1951, 1952, 1953 மூன்று வருடமும் உலகத் தொடர் வெற்றி. மொத்தம் 139 வெற்றிகளோடு 1955-ல் ஆட்டத்தை முடித்தார்.

இதுவரை கேட்டால் நல்ல ஆட்டக்காரர் ஒருவரின் வாழ்க்கை, அவ்வளவுதான். எனக்கு முக்கியம் இதற்குப் பிறகு நடந்தது.

1959-ல் கன்சாஸ் சிட்டியில் ஒரு வருடம் கோச்சாக இருந்தார். 1961-ல் யாங்கீஸ் அவரைக் கோச்சாக எடுத்தது. அந்தக் காலத்தில் பிட்சர்களுக்கான பயிற்சி என்றாலே ஓட்டம்தான். எறிய வேண்டிய நாளில் எறி, மற்ற நாளில் ஓடு, கால் வலுத்தால் கை வலுக்கும் என்பது வேதவாக்கு. தப்பு செய்தாலும் ஓட்டம், செய்யாவிட்டாலும் ஓட்டம். செய்ன் இதை ஏற்கவில்லை. ஓடி யாரும் பந்தை இலக்குக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை, எறிகிற கை எறிந்துதான் வலுப்பெறும் என்றார். ஆட்டம் இல்லாத நாளிலும் மெதுவாக, அளவாக எறியச் சொன்னார். பந்தின் நடுவே கம்பியைச் செருகி, கையில் பிடித்துச் சுழற்றிப் பார்க்கும்படி ஒரு சின்னக் கருவியைத் தானே செய்தார். ஓட்டல் அறையில் உட்கார்ந்தபடியே பிட்சர் அதை வைத்து மணிக்கட்டைப் பழக்கலாம். அதற்குக் காப்புரிமையும் வாங்கினார்.

வகுப்பறைக்கு நான் எடுத்துப்போன மணிச்சட்டமும் தீக்குச்சிக் கட்டுகளும் ஞாபகம் இருக்கிறதா? ஆசிரியர் பயிற்சியில் 'கற்பித்தல் துணைக்கருவி' என்று பக்கம் பக்கமாக எழுதிப் பரீட்சையில் தேறினோம். செய்ன் பயிற்சிப் பள்ளி எதிலும் படிக்காமலே அதைச் செய்திருக்கிறார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பலன் என்ன என்று கேட்பீர்கள். வைட்டி ஃபோர்டு அதற்கு முன்பே பெரிய பிட்சர். ஆனால் ஒரு சீசனில் 20 வெற்றியைத் தொட்டதில்லை. செய்ன் வந்த 1961-லேயே 25 வெற்றி, 4 தோல்வி. அடுத்த வருடம் ரால்ஃப் டெர்ரி 23 வெற்றி. 1963-ல் ஃபோர்டு மறுபடி 24, ஜிம் பௌட்டன் 21. அந்த மூன்று வருடமும் யாங்கீஸ் தன் லீக்கில் முதலிடம். அதோடு செய்ன் அங்கிருந்து வெளியேறினார்.

1965-ல் மினசோட்டா ட்வின்ஸ். அந்த வருடமே மட்கேட் கிராண்ட் 21 வெற்றி, ஊருக்கு முதல் லீக் பட்டம். 1966-ல் ஜிம் காட் 25 வெற்றி. அந்த சீசன் முடிந்ததும் செய்னுக்கு வேலை போயிற்று.

1967-ல் டெட்ராய்ட் டைகர்ஸ். ஏர்ல் வில்சன் 22 வெற்றி. 1968-ல் டென்னி மெக்லேன் 31 வெற்றி. 1934-க்குப் பிறகு யாரும் 30-ஐத் தொட்டதில்லை, 1968-க்குப் பிறகு இன்றுவரை யாரும் தொடவில்லை. அந்த வருட உலகத் தொடரில் மிக்கி லோலிச் மூன்று ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்துக் கோப்பையே வந்தது. அடுத்த வருடம் ஆகஸ்டில், சீசன் முடியும் முன்பே, செய்னை நீக்கினார்கள்.

ஒரே கதை மூன்று ஊரில் திரும்பத் திரும்ப நடக்கிறது. பிள்ளைகள் முதல் மதிப்பெண் எடுக்கிறார்கள், வாத்தியாருக்கு வேலை போகிறது.

அவர் செய்த குற்றம் என்ன? தலைமையாசிரியர்களோடு ஒத்துப்போகவில்லை. பிட்சர்களை ஓட விடு என்றால் மாட்டேன் என்றார். பிட்சரைப் பற்றி மேலிடத்தில் ஒன்று, பிட்சரிடம் ஒன்று என்று பேசமாட்டார். பிட்சர்கள் தன்னிடம் சொன்னதை மேனேஜரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கமாட்டார். இன்னொரு பெரிய குற்றமும் உண்டு. நன்றாக ஆடியவர்களிடம், அலுவலகப் படியேறிப் போய் உனக்கு உரிய சம்பளத்தைக் கேள், கூச்சப்படாதே என்று சொல்லிக்கொடுத்தார். மாணவனுக்குத் தன் மதிப்பைத் தானே அறியச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரை எந்த நிர்வாகத்துக்குப் பிடிக்கும்?

இங்கே ஒரு விஷயம் என் கண்ணைக் கலங்க வைத்தது. 1966-ல் மினசோட்டாவில் செய்னை நீக்கியபோது, அவரிடம் பயின்ற ஜிம் காட் பத்திரிகையில் ரசிகர்களுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார், இது தப்பு என்று. அதே அணியில் சம்பளம் வாங்குகிற ஆட்டக்காரர் தன் முதலாளிகளைக் கண்டித்து எழுதுகிறார்! பௌட்டன் 1970-ல் 'பால் ஃபோர்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அதில் பெரிய தலைகள் எல்லாரையும் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார். செய்னை மட்டும் தலைமேல் வைத்துப் பேசுகிறார்.

செய்ன் யாரையும் அடித்து வளர்க்கவில்லை. ஓட விட்டும் வளர்க்கவில்லை. அவருக்காக அவர் மாணவர்கள் தங்கள் பிழைப்பையே பணயம் வைத்தார்கள். மரியாதை வேண்டுமென்றால் பிரம்பு வேண்டும் என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

காட்டின் கதை அதோடு முடியவில்லை. 1971 முதல் 1975 வரை செய்ன் சிகாகோ ஒயிட் சாக்ஸில் இருந்தார். சக் டானர் என்ற மேனேஜர் அவரை அவர் போக்கில் விட்டார், அதனால் அங்கே ஐந்து வருடம் நீடித்தார். மற்றவர்களுக்கு இடையில் வந்து எறிந்துகொண்டிருந்த வில்பர் வுட் அங்கே ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராகி, தொடர்ந்து நாலு வருடம் 20 வெற்றியோ அதற்கு மேலோ எடுத்தார். 1973-ல், 34 வயதில், இனி தேறமாட்டார் என்று மினசோட்டா விட்டுவிட்ட காட் தன் பழைய வாத்தியாரிடம் வந்து சேர்ந்தார். எறிகிற முறையைச் சுருக்கி வேகப்படுத்தினார்கள். 1974-ல் 21 வெற்றி, 1975-ல் 20. 2022-ல் காட்டைப் பேஸ்பாலின் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள்.

அந்த மண்டபத்தில் ஆட்டக்காரருக்கு இடம் உண்டு, மேனேஜருக்கு உண்டு, நடுவருக்கும் நிர்வாகிக்கும்கூட உண்டு. கோச் என்று ஒரு பிரிவே கிடையாது. 2006-ல் தன் 89-ஆம் வயதில் செய்ன் காலமானார். அவர் பெயர்ப் பலகை அங்கே இல்லை, அவர் மாணவர்களின் பலகைகள் இருக்கின்றன. வாத்தியார்களுக்கு இது புதிதா என்ன?

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். என்ன கேட்பீர்கள் என்று தெரியும்.

"அப்படின்னா கண்டிப்பே வேண்டாமா டீச்சர்?" என்பீர்கள். செய்னிடம் இருந்தவர்கள் மற்ற பிட்சர்களைவிட அதிகமாகவே உழைத்தார்கள். ஓய்வு நாளிலும் பந்தைத் தொட்டார்கள். உழைப்பைக் குறைக்காமல் அதை எறிதலுக்கே திருப்பிவிட்டார் அவர். வாய்ப்பாடு வராதவனை இன்னும் பத்து முறை வாய்ப்பாடு சொல்லவைப்பது கண்டிப்பு. வெயிலில் ஓட விடுவது என் எரிச்சலுக்கு நான் தேடிய வடிகால். இந்த இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து அழைத்து, வித்தியாசமே தெரியாமல் போய்விட்டது நமக்கு.

"மெக்லேன் என்ன ஆனார்?" என்று, தேடிப் பார்க்கிறவர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 31 வெற்றி எடுத்த மெக்லேன் சூதாட்டத் தொடர்பால் 1970-ல் தடை வாங்கினார். தோளும் போய், 1972-க்குப் பிறகு பெரிய லீக்கில் அவர் இல்லை. அப்போது அவருக்கு வயது 28. பிறகு சிறைக்கும் போனார். அவ்வளவு எறிய விட்டதே தப்பு என்கிறவர்கள் உண்டு. அந்த வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. செய்ன் தெய்வப் பிறவி அல்ல, ஒருவன் வாழ்க்கை முழுவதையும் அவனுடைய கோச்சால் சரிசெய்துவிடவும் முடியாது. ஆனால் மெக்லேன் கெட்டது ஓடாததால் என்று யாராவது சொன்னால் அது கட்டுக்கதை. ஓடியவர்களில் கெட்டவர்கள் இல்லையா?

"இது ஏதோ ஒரு ஆளோட ராசி" என்பீர்கள். அப்படியானால் லியோ மசோனியைப் பாருங்கள். சின்ன லீக்குகளில் பிட்சராக இருந்து, பெரிய லீக்கில் ஒரு பந்துகூட எறியாதவர். அட்லாண்டா பிரேவ்ஸின் கீழ்நிலை அணிகளில் வேலை பார்த்தபோது, அங்கே இருந்த வயதான செய்னிடம் பாடம் கேட்டார். 1990-ல் அட்லாண்டாவின் பிட்சிங் கோச் ஆனதும், மற்ற அணிகள் ஒரு முறை எறியச் சொன்ன இடைவெளியில் தன் பிட்சர்களை இரண்டு முறை எறியச் சொன்னார். டாம் கிளாவின், கிரெக் மேடக்ஸ், ஜான் ஸ்மோல்ட்ஸ் மூவரும் அவரிடம் இருந்தவர்கள். சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை 1991 முதல் 1998 வரையிலான எட்டு வருடத்தில் ஆறு முறை அட்லாண்டா பிட்சர்களே வாங்கினார்கள். 1995-ல் உலகத் தொடரும் வந்தது. ஒரு வாத்தியாரின் பாடம் மாணவனின் மாணவன் வரைக்கும் போய்ப் பலித்திருக்கிறது. ராசி இப்படிக் கைமாறுமா?

கடைசியாக, "அடிதானே டீச்சர் எங்களை ஆளாக்குச்சு." இதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

தம்பி, நீ ஆளானது உன் அம்மா அதிகாலையில் எழுந்து சோறு கட்டிக் கொடுத்ததால், நீ தெருவிளக்கில் உட்கார்ந்து படித்ததால். என் ஸ்கேல் உன் விரல் முட்டியை வீங்க வைத்தது, வேறொன்றும் செய்யவில்லை. அந்த ஸ்கேலுக்கு நீ இதயம் போடுகிறாய். அதே ஸ்கேலை வாங்கிய இன்னொருவன் உன் பக்கத்து பெஞ்சில் இருந்தான். கொடிக்கம்பத்தைச் சுற்றி எல்லார் முன்னாலும் ஓடி முடித்தவன், மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். "படிப்பு ஏறல டீச்சர்" என்று அவன் அப்பா சொன்னார். நானும் சரி என்று திரும்பி வந்துவிட்டேன். ஏறவில்லையா, ஏற்றத் தெரியாமல் ஓட விட்டேனா என்று அன்று யோசிக்கவில்லை. அவன் முகநூலில் இல்லை. அவன் இதயமும் போடவில்லை, திட்டவும் இல்லை. ஆசிரியர் தினத்தன்று எழுதுகிறவர்கள் எல்லாரும் தப்பித்து வந்தவர்கள். தப்பித்தவர்களிடம் மட்டும் கேட்டால் எந்தப் பிரம்பும் நல்ல பிரம்புதான்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். ஒன்றிரண்டு பேர் தலைமையாசிரியர்கள். சிலர் பிள்ளைகளுக்கு கபடியும் கிரிக்கெட்டும் சொல்லிக்கொடுக்கிறீர்கள். எல்லாருமே அப்பா அம்மாக்கள். நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஏதோ ஒன்று வரவில்லை என்றால், கை ஓங்கும் முன் என் பேரன் கேட்ட கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வராத அந்த ஒன்றுக்கு நேராகப் போகும் வேலையைக் கொடுங்கள். தலைமையாசிரியர்களுக்கு ஒரு வார்த்தை கூடுதலாக: உங்கள் பள்ளியில் எங்கேயோ ஒரு செய்ன் இருப்பார். உங்களோடு ஒத்துப்போகமாட்டார், அறிக்கை நேரத்துக்குத் தரமாட்டார், பிள்ளைகள் அவரையே சுற்றி நிற்கும். அவரை மாற்றலில் அனுப்பும் முன் அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு தடவை கேளுங்கள்.

என் கையால் அடி வாங்கியவர்கள், வெயிலில் ஓடியவர்கள் இதைப் படித்தால், மன்னித்துக்கொள்ளுங்கள். பெருந்தன்மையாக "பரவாயில்ல டீச்சர்" என்று எழுத வேண்டாம். மறுநாள் வராமல் போனவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று யாருக்காவது தெரிந்தால் மட்டும் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். போய்ப் பார்க்க வேண்டும்.

அன்புடன்
உங்கள் டீச்சர்